டப்பாவை ஆட்டியவன்

கராங்லெசுங்
2 அக்டோபர் 2000

அன்புள்ள முர்னி,

அல்லாஹ்வின் அருளால் நானும் உன் அத்தானும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? முதலாளியம்மா இப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை வெளியே விடுகிறாளா?

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக வாசல் தூணில் மாட்டியிருக்கும் பிடியரிசி டப்பாவைப் போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது. காவல்காரர்கள் நம் வாசல் வரை வந்து போயிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கக் கை வந்தது. நீ இங்கே இருந்தபோது யார் இதையெல்லாம் பார்த்தோம்? படுக்கப் போகும்முன் ஒரு பிடி அரிசி போட்டு வைப்போம். அவர்கள் எடுத்துப் போவார்கள். மாதக் கடைசியில் அதை விற்றுக் காவல் சாவடிக்கு மண்ணெண்ணெயும் காப்பித்தூளும் வாங்குவார்கள். அவ்வளவுதான். இப்போது ஊரில் எல்லாப் பெண்களும் விடிந்ததும் டப்பாவைத்தான் பார்க்கிறார்கள்.

துக்கிமன் வீட்டு மாடு திருடுபோனதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு கிழக்கு மேட்டிலும் போயிருக்கிறது. நீ வாங்கிக் கொடுத்த மாட்டை நாங்கள் சமையலறைக்குள்ளேயே கட்டுகிறோம். கயிற்றை மூங்கில் தட்டிச் சுவரின் இடுக்கு வழியாக இழுத்து உன் அத்தான் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தூங்குகிறார். மாடு புரண்டால் இவரும் புரள்கிறார். "உன்னைக் கட்டுறதுக்கு முன்னாடியே இதைக் கட்டியிருக்கலாம். பேசாமப் படுத்திருக்கு பாரு" என்று என்னைக் கேலி வேறு.

முர்னி, முந்தாநாள் விடிவதற்குச் சற்று முன் ஒரு திருடன் பிடிபட்டான். நம் வாசலில்தான். முதலில் கேட்டது நான். யாரோ டப்பாவை ஆட்டும் சத்தம். காவல்காரர்கள் இப்போது டப்பாவை ஆட்டுவதில்லை. சத்தமில்லாமல் கவிழ்த்துக்கொண்டு, தூணில் குச்சியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போக வேண்டும் என்று ஊர்த்தலைவர் சாஸ்ரோ புது ஒழுங்கு வைத்திருக்கிறார். அப்படியென்றால் ஆட்டுகிறவன் வெளியாள். உன் அத்தானை எழுப்பினேன். இடுக்கு வழியாகப் பார்த்தார். கையில் விளக்கில்லாமல் ஒருவன், தோளில் பை. வீட்டு எச்சரிக்கை மூங்கிலை எடுத்து இரண்டிரண்டாக அடித்தார். உடனே சாவடியில் தொங்கும் பலாக்கட்டை அதே அடியை எடுத்துக்கொண்டது. பிறகு ஊர் முழுக்க. உனக்கு மறந்திருக்காது. ஒவ்வொன்றாக அடித்தால் சாவு, இரண்டிரண்டாக அடித்தால் திருடன், மும்மூன்றாக அடித்தால் தீ. திருடன் என்றால் வீட்டுக்கு ஓர் ஆண் வெளியே போக வேண்டும், பெண்கள் தாழிட வேண்டும். தாழிட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவனைச் சாவடிக்கு இழுத்துப் போய்விட்டார்கள்.

விடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் பிழைக்கவில்லை. ஓடக்கூட இல்லையாம். நம் டப்பா அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றானாம். பைக்குள் எங்கோ திருடிய சாமான்கள்: கெபாயாச் சட்டை தைக்கிற, தாள் பிரிக்காத இலைப்பச்சை நிறத் துணி, ஒரு பிஸ்கட் டின். போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து யார் அடித்தது என்று கேட்டார். ஊரே அடித்தது என்றார் தலைவர். எழுதிக்கொண்டு போய்விட்டார். கபர்ஸ்தானின் ஓரத்தில், மூங்கில் புதர்ப் பக்கம் புதைத்தார்கள். எந்த ஊர்க்காரன் என்று தெரியாது.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நேற்று ஊர் தூங்கியது. நானும் தூங்கினேன், பொய் சொல்வானேன். எல்லாரும் என் காதைப் புகழ்கிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா,
சுதர்மி


ஹாங்காங்
5 அக்டோபர் 2000

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உனக்கும் அத்தானுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அனுப்பிய தைலத்தை நீ பூசமாட்டாய், பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பாய் என்று தெரியும்.

துக்கிமன் வீட்டு மாடு போனதாக நீ எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மாடு போனால் போகட்டும். திருட வருகிறவன் கையில் அரிவாள் இருந்தால் என்ன செய்வீர்கள்? அந்த வீட்டில் அத்தான் ஒருவர்தானே ஆண்? அதனால் நான் ஒரு வேலை செய்தேன். திட்டாதே.

என்னோடு வேலைக்கு வந்த ஒருத்தியின் புருஷன் களிமந்தானில் மர அறுவை ஆலையில் இருக்கிறான். அவன் மூலம் நம் வசித்தோ இருக்கும் இடம் தெரிந்தது. நான் எழுதினேன், தம்பி பதில் போட்டான் அக்கா! பதினெட்டு வயதில் போனவன். எழுத்து இன்னும் கோழி கிறுக்கியது மாதிரியே இருக்கிறது. மரத்தூள் நெஞ்சில் ஏறி இருமலாம். போதும்டா, ஊருக்குப் போ, பெரியக்கா வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்று எழுதினேன். சரி என்றான். உனக்கு முன்கூட்டியே சொல்லக் கூடாதாம், திடீரென்று வந்து நிற்பானாம். அதனால்தான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வந்திருப்பான், சொல்லலாம்.

அப்பாவின் காவல் முறைக்கு இவன் கூடவே போவானே, ஞாபகம் இருக்கிறதா? நம் வாசலுக்கு வந்ததும் அரிசி எடுக்காமல் டப்பாவை ஆட்டிக்கொண்டே நிற்பான். நீ ஜன்னலைத் திறந்து வறுத்த மரவள்ளித் துண்டு கொடுக்கும்வரை போகமாட்டான். "கதவைத் தட்டாதேடா, டப்பாவை ஆட்டு. அக்கா எந்திரிச்சு ஓடி வருவா" என்று நான்தான் எழுதினேன். வழியில் உனக்கு ஒரு கெபாயாத் துணி வாங்கச் சொன்னேன். இலைப்பச்சை. வேறு நிறம் வாங்கினால் வீட்டுக்குள் விடமாட்டாள் என்று எச்சரித்திருக்கிறேன். பார்த்திராத அத்தானுக்கு ஒரு பிஸ்கட் டின்.

இந்நேரம் சமையலறையில் என் மாட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு நெத்திலி சம்பால் அரைத்துக் கொடு. இனிமேல் நீ நிம்மதியாகத் தூங்கு அக்கா.

உன் தங்கை,
முர்னி


கராங்லெசுங்
14 அக்டோபர் 2000

அன்புள்ள முர்னி,

நலம். உன் நலம் அறிய ஆவல். கடிதம் வந்து நாளாகிறது. தபால் கொண்டுவரும் காய்கறி லாரிக்காரனிடம் தினமும் கேட்கிறேன்.

நேற்று ஊரில் மறுபடியும் ஒரு மாடு போயிருக்கிறது. திருடனைத்தான் புதைத்தாயிற்றே என்றேன். உன் அத்தான், அவனுடைய கூட்டாளிகள் என்கிறார். சாவடியிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். இருக்கலாம். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

பள்ளியில் பிள்ளைகளுக்குப் புது விளையாட்டு. ஒருவன் திருடன், மற்றவர்கள் வாழைமட்டையால் அடிக்க வேண்டும். எல்லாரும் அடிக்க வேண்டும், யார் அடித்தது என்று சொல்லக் கூடாது, சொன்னவன் அடுத்த திருடன். வாழைமட்டைகளைப் பிடுங்கிப் போட்டேன். துக்கிமன் மகள், "டீச்சர், நீங்கதானே மொதல்ல கேட்டீங்க? எங்கப்பா சொன்னாரு" என்றாள். பெருமையாகத்தான் கேட்டாள்.

அந்தத் துணிக்குச் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று சுற்றுவட்டாரப் பள்ளிவாசல்களில் எல்லாம் அறிவித்தார்கள். ஒருவரும் வரவில்லை. முதலில் சத்தம் கேட்டவளுக்கே என்று தலைவர் சாஸ்ரோ அவரே கொண்டுவந்து கொடுத்தார். காப்பி போட்டேன், குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "வச்சுக்க சுதர்மி, அது உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வாங்கிக்கொள்ள மனமில்லை. உன் அத்தான்தான், திருப்பிக் கொடுத்தால் ஊரை அவமதித்ததுபோல ஆகும் என்றார். அழகான துணி. நானே கடைக்குப் போயிருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன். பெருநாளைக்குத் தைக்கத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டேன்.

மழை தொடங்கிவிட்டது. புகையிலை காய்வதற்குள் பாதி கறுத்துவிட்டது.

உன் அக்கா,
சுதர்மி


ஹாங்காங்
18 அக்டோபர் 2000

அக்கா,

நலமா? உன் இரண்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது.

வசித்தோ வந்துவிட்டானா? அதை மட்டும் உடனே எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அந்தத் திருடனுக்கு என்ன வயது இருக்கும்? உயரமா? அத்தானைக் கேட்டு எழுது. துணி என்ன நிறம் என்று எழுதியிருந்தாய்? மறுபடி ஒரு தடவை எழுது.

முர்னி


கராங்லெசுங்
24 அக்டோபர் 2000

அன்புள்ள முர்னி,

உன் ஐந்தாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது.

வசித்தோ இன்னும் வரவில்லை. ஆலையில் விடுப்புக் கொடுத்திருக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் கப்பல் எப்போதும் தாமதம்தான். களிமந்தான் என்ன பக்கத்து ஊரா?

எனக்கு லேசாகக் காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை. கவலைப்படாதே.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு.

சுதர்மி


கராங்லெசுங்
7 நவம்பர் 2000

அன்புள்ள முர்னி,

காய்ச்சல் விட்டுவிட்டது. அத்தான் நலம். மாடும் நலம், சினையாக இருக்கும்போல் தெரிகிறது.

உன் கேள்விகளுக்குப் பதில். பச்சை என்றா எழுதினேன்? நீலம். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. பகலில் பார்த்தால் நல்ல நீலம். அந்த ஆள் வயதானவன், குட்டை. பல்லெல்லாம் விழுந்திருந்ததாம். உன் அத்தான் பார்த்துச் சொன்னார். அவனைத் தேடி யாரும் வரவில்லை. அதனால் அதைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை.

வசித்தோ வழியில் எங்காவது வேலை கிடைத்துத் தங்கியிருப்பான். அவன் புத்தி உனக்குத் தெரியாதா? போகிற இடத்திலெல்லாம் அவனுக்கு ஒரு சிநேகிதன் முளைப்பான். வந்ததும் முதல் லாரியில் உனக்குக் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ எதையும் நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ என்ன செய்திருந்தாலும் எங்கள் மேல் உள்ள அக்கறையில் செய்தாய். அது எனக்குத் தெரியும்.

உன் அக்கா,
சுதர்மி


ஹாங்காங்
20 நவம்பர் 2000

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. துணியைத் தைக்கக் கொடுத்ததாக எழுதிய கடிதமும் கிடைத்தது. வயதானவன் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. மண்ணெண்ணெய் விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும்தான். எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது.

நீ சொல்வது சரி. அவன் எங்காவது தங்கியிருப்பான். இங்கே குளிர் வந்துவிட்டது. முதலாளியம்மா பழைய கம்பளிச் சட்டை ஒன்று கொடுத்தாள். பாத்திரம் கழுவும்போது ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். அன்று வெங்காயம் நறுக்கவேயில்லை. அவளுக்கும் தெரியும்.

நோன்பு பிறக்கும்முன் அப்பா அம்மா கபர்களைச் சுத்தம் செய்யப் போவீர்கள் இல்லையா? அப்போது அந்த வெளியூர்க்காரன் கபரிலும் ஒரு பிடி பூ போடு அக்கா. திருடனாகவே இருக்கட்டும். அவனுக்கும் எங்காவது அக்கா இருப்பாள்.

உன் தங்கை,
முர்னி


கராங்லெசுங்
9 டிசம்பர் 2000

அன்புள்ள முர்னி,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே உன்னை நோன்பு வைக்க விடுகிறார்களா? விடியற்காலைச் சாப்பாட்டுக்கு யாராவது எழுப்புகிறார்களா?

உன் கடிதம் வருவதற்கு முன்பே பூப் போட்டுவிட்டேன். அப்பா அம்மா கபர்களில் புல் பிடுங்கி, தண்ணீர் தெளித்து, ரோஜாவும் செண்பகமும் தூவி முடித்த பிறகும் கூடையில் பூ மிச்சமிருந்தது. மிச்சமிருக்கட்டும் என்றே அதிகமாக வாங்கியிருந்தேன். மூங்கில் புதர்ப் பக்கம் போனேன். மழையில் மண் இறங்கிப் போய், தலைமாட்டில் ஒரு குச்சிகூட இல்லாமல் கிடந்தது. மண்ணை அள்ளி மேடாக்கினேன். ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் சாஸ்ரோ மட்டும் தன் மண்வெட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அத்தான், "திருடனுக்கு எதுக்குடி பூவு?" என்றார். பூ மிஞ்சிப்போச்சு என்றேன்.

தையல்காரி கெபாயாவைத் தைத்துக் கொடுத்துவிட்டாள். அளவு சரியாக இருக்கிறது. பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வசித்தோவிடமிருந்து தகவல் இல்லை.

உன் அக்கா,
சுதர்மி


ஹாங்காங்
22 டிசம்பர் 2000

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பெருநாள் வாழ்த்துக்கள். உள்ளும் புறமும் நான் செய்த பிழைகள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுங்கள்.

நான் நலம். குளிர் அதிகம். மாட்டை விற்றுவிடு அக்கா. யாராவது கேட்ட விலைக்குக் கொடுத்துவிடு. கன்று போட்ட பிறகு விற்கலாம் என்று அத்தான் சொல்வார், காத்திருக்க வேண்டாம். எனக்கு மாடு வேண்டாம். நீங்கள் கயிறில்லாமல் தூங்குங்கள்.

தைலம் தீர்ந்திருந்தால் எழுது, அனுப்புகிறேன்.

முர்னி


கராங்லெசுங்
4 ஜனவரி 2001, வியாழன்

என் முர்னி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு, நான் நலம் என்று எழுதித்தான் எப்போதும் கடிதத்தைத் தொடங்குவேன். இன்று அது முடியவில்லை.

இன்று காலை எழுந்ததும் நான் டப்பாவைப் பார்க்கவில்லை. அதைத் தூணிலிருந்து கழற்றி உள்ளே கொண்டுவந்தேன். அரிசி அப்படியே இருந்தது. மழையென்று காவல்காரர்கள் சாவடியை விட்டு இறங்கவில்லை போலிருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். மாட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய், தைலத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். தம்பி வந்தானா என்று கேட்கவில்லை. அவன் பெயரே அதில் இல்லை. அதிலிருந்துதான் உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. ஒருவேளை என்னுடைய முதல் கடிதத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும். நான் நீலம் என்று எழுதினேன், நீ நம்பியதாக எழுதினாய். எனக்காக நீயும் உனக்காக நானும் இத்தனை நாள் அவனை வழியில் எங்கேயோ தங்கவைத்திருந்தோம்.

துணி இலைப்பச்சைதான் முர்னி.

உன் ஐந்தாம் தேதிக் கடிதத்தைக் கொல்லைப்புறத்தில் நின்றபடி படித்தேன். மரவள்ளித் துண்டு என்கிற இடம் வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தேன். அதற்கடுத்த வரியில் டப்பா. அதற்கும் அடுத்து துணி. மீண்டும் முதலிலிருந்து படித்தேன், வேறு மாதிரி இருக்கும் என்பதுபோல. பிறகு கடிதத்தை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். உன் அத்தான் வந்து என்ன ஆச்சு என்றார். காய்ச்சல் என்றேன். அவரே கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஊட்டவும் செய்தார். அந்தக் கைதான் அன்றைக்கு மூங்கிலை அடித்தது. நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

உன்னிடம் நான் பொய் சொன்னதற்கு ஒரே காரணம், டப்பாவை ஆட்டச் சொன்னவள் நீ என்பதுதான். அதைத் தெரிந்துகொண்டு அந்தத் தூர ஊரில், அழுவதற்கு ஒரு மூலைகூட இல்லாத வீட்டில் நீ எப்படி இருப்பாய் என்று நினைத்தேன். இப்போதும் அதையே நினைக்கிறேன். ஆனால் கேள். நீ ஆட்டச் சொன்னது தம்பியின் அக்காவை எழுப்புவதற்கு. அவள் எழுந்தாள். எழுந்தவள் ஜன்னலைத் திறக்கவில்லை. அது உன் பிழை இல்லை.

பெருநாளன்று ஊர் ஆண்கள் வரிசையாக வீட்டுக்கு வந்தார்கள். எல்லா வருஷமும்போல என் கையைத் தொட்டு, உள்ளும் புறமும் மன்னித்துவிடு என்றார்கள். நானும் எல்லாரிடமும் அதையே சொன்னேன். துக்கிமன், சாவடியில் கட்டை அடித்தவர், புதைத்தவர்கள் எல்லாரும். வழக்கமான வார்த்தைதான், சொல்லிவிட்டு அச்சுமுறுக்கு எடுத்துக்கொள்வார்கள். கடைசியாகத் தலைவர் சாஸ்ரோ வந்தார். அவருக்கு மட்டும் வார்த்தை வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நம் அப்பாவோடு சாவடியில் காவல் இருந்தவர், நம் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். விடிந்த பிறகு அவனுடைய முகத்தைக் கழுவிப் பார்த்தது அவர்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவசரமாகப் புதைக்கச் சொன்னதும் அவர்தான். துணியை எனக்குக் கொடுத்ததற்கு என் காது காரணமில்லை.

அவர் போன பிறகு உன் அத்தானிடம் கேட்டேன். அந்த ஆள் ஏதாவது சொன்னானா?

"எந்த ஆளு?"

"நம்ம வாசல்ல பிடிச்சீங்களே."

மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "அடி விழும்போது எல்லாத் திருடனும் கத்துறதுதான். இவன் பெரியக்கா, பெரியக்கான்னான். துக்கிமன்கூட, உங்கக்கா வீடு இதில்லடான்னு சொன்னான். சிரிச்சாங்க." பிறகு புல்லைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்டி? அழுறியா?"

அவருக்குத் தெரியாது முர்னி. வசித்தோவை அவர் பார்த்ததே இல்லை. நம் வீட்டில் யாரும் என்னைப் பெரியக்கா என்று கூப்பிட்டு அவர் கேட்டதுமில்லை. நீ வெறும் அக்கா என்பாய். இத்தனை நாளாக இதை நான் சொல்லாமல் இருந்ததற்கு அவரும் ஒரு காரணம். ராத்திரியில் நான் நடுங்கினால் போர்வையை என் பக்கம் தள்ளிவிட்டுக் குளிரில் படுக்கிறவர். தெரிந்த பிறகு அவர் எப்படி இருப்பார், நான் அவரோடு எப்படி இருப்பேன், எனக்குத் தெரியாது. போலீஸ் வந்தால் அவரைக் கொண்டுபோவார்கள். ஊர் என்னை விடாது. வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கும். வீடு, மாடு, புருஷன், பள்ளிக்கூட வேலை எல்லாம் பத்திரமாக இருக்கும். வசித்தோ மட்டும் மூங்கில் புதரடியில் திருடனாக இருப்பான்.

இந்த ஊரில் யார் செத்தாலும் பலாக்கட்டை ஒவ்வொன்றாக ஒலிக்கும். பிறந்து பெயர் வைக்காத குழந்தைக்குக்கூட அடித்திருக்கிறார்கள். கேட்டதும் எல்லாரும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து யார், யார் என்று கேட்பார்கள். வசித்தோவுக்கு யாரும் அடிக்கவில்லை. யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஆண்கள் எல்லாரும் சாவடிப் பக்கமாகத்தான் வருவார்கள். அவர்கள் வருவதற்குள் நான் அங்கே போய்விடுவேன். அந்தக் கட்டையை இதுவரை எந்தப் பெண்ணும் தொட்டதில்லை. கோல் எங்கே மாட்டியிருக்கும் என்று தெரியும், அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோன காலத்திலிருந்தே தெரியும். ஒவ்வொன்றாக, நிதானமாக அடிப்பேன். யார் என்று கேட்பார்கள். வசித்தோ என்பேன். அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வேன். எப்போது, எங்கே என்று கேட்டால் அதையும் சொல்வேன். அடித்தது யார் யார் என்று போலீஸ்காரர் வந்து கேட்டால், ஊரே என்று சொல்லமாட்டேன். என் வீட்டிலிருந்து தொடங்குவேன்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. காய்கறி லாரி நாளைக்குச் சாயங்காலம்தான் வரும். இந்தக் கடிதம் அதில் ஏறுவதற்குள் கட்டை ஒலித்து முடிந்திருக்கும்.

உன் அத்தான் மாட்டுக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு, எழுதினது போதும் வந்து படு என்று கூப்பிடுகிறார். போக வேண்டும். பெட்டியைத் திறந்து கெபாயாவை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். தம்பி வாங்கிக் கொடுத்தது. ஒருநாளாவது உடுத்திக்கொள்ள வேண்டாமா?

உன் பெரியக்கா,
சுதர்மி